நூற்றொன்றாவது சொடுக்கு

ஒரு ஃபோட்டானின் விலை மூவாயிரம் யூரோ.

பொட்ஸுவோலித் துறைமுகத்தின் மேல் சூரியன் அந்த ஒளித்துகள்களைக் கோடி கோடியாகக் கொட்டுகிறது. குனிந்து ஒன்றைப் பொறுக்குவார் இல்லை. ஒப்பந்தத் தாளில் ஏறிய பிறகுதான் அதற்கு விலை. ட்ரியெஸ்தே ஆய்வுக்கூடத்தார் தாளில் எழுதியிருந்தது இதுதான்: நூறு ஃபோட்டான் அனுப்பினால் குறைந்தது தொண்ணூறு பிடிபட வேண்டும், தொண்ணூறுக்குக் குறைகிற ஒவ்வொன்றுக்கும் விலையில் மூவாயிரம் கழியும். சரக்கு சொன்னபடி இருந்தால் மேற்கொண்டு ஆறு வாங்குவார்கள். அதன் கீழே கையெழுத்துப் போட்டபோது ஃபெர்டினாண்டோ சன்னினோவின் பேனா ஒரு கணமும் தயங்கவில்லை. அவர் பட்டறையிலிருந்து தொண்ணூறுக்குக் குறைவாக ஃபோட்டான் பிடிக்கும் டிடெக்டர் ஒன்றும் வெளியே போனதில்லை. அப்படிச் சொன்னவள் எர்சிலியா லுப்ரானோ. இதுவரை விற்ற பதினொன்றின் அளவுச் சீட்டிலும் கையெழுத்து அவளுடையது.

சரக்கு என்று பார்த்தால் ஒரு கம்பி, அவ்வளவுதான். அகலத்தில் தலைமுடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாம்பு போல முன்னும் பின்னும் மடங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிக்குள் படுத்திருக்கும். குளிர்ப்பெட்டிக்குள் மைனஸ் இருநூற்றெழுபது டிகிரிக்குக் கொண்டுபோனால் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஒரே ஒரு ஃபோட்டான் வந்து விழுந்தால் விழுந்த இடம் சூடாகும், தடை முளைக்கும், கவுண்டரில் ஒரு சொடுக்கு கேட்கும்.

கம்பியைச் செய்வது வேறு ஆள்களின் வேலை. ஃபைபர் என்கிற கண்ணாடி இழையில் வரும் ஒளியை அந்தப் புள்ளியின் நடுவில் கொண்டுபோய் இறக்குவது எர்சிலியாவின் வேலை. குளிரில் எல்லாம் சுருங்கும். பித்தளை ஒரு மாதிரி, கண்ணாடி ஒரு மாதிரி. மேஜைமேல் நடுவில் வைத்தது உள்ளே போனதும் ஓரத்தில் நிற்கும். ஆகையால் அவள் வேண்டுமென்றே இரண்டு மைக்ரான் தள்ளி வைப்பாள். மிச்சத்தைக் குளிர் இழுத்துச் சரிசெய்யும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை அவள் சன்னினோவுக்குக்கூடச் சொன்னதில்லை. இத்தனைக்கும் அவர் அவளுடைய அக்காள் கணவர். வீட்டில் 'அத்தான்', வாடிக்கையாளர் முன்னால் 'இன்ஜினியரே'.

ட்ரியெஸ்தேயிலிருந்து லிவியோ வஸ்கோட்டோ ஒன்பதரைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கையில் இரும்புப் பெட்டி. டாக்ஸிக்காரர் கொடுத்த சில்லறையை வாசலில் நின்று இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

"வாங்க டாக்டரே. முதல்ல ஒரு காப்பி," என்றார் சன்னினோ.

"அளந்த பிறகு."

சன்னினோ எர்சிலியாவைப் பார்த்தார். காப்பியை மறுக்கிறவரை இந்த ஊரில் வரி அதிகாரி என்று நினைப்பார்கள்.

வஸ்கோட்டோ பெட்டியைத் திறந்தார். சொந்த லேசர், சொந்த மீட்டர், சொந்த ஃபைபர்ச் சுருள். எல்லாம் பஞ்சணையில் குழந்தைகள் மாதிரி படுத்திருந்தன. எர்சிலியாவின் அம்மா துறைமுகச் சந்தையில் சிப்பி விற்கிறவள். கைப்பையிலிருந்து சொந்தத் தராசை எடுக்கிற வாடிக்கையாளர்களை எர்சிலியா நடக்கப் பழகும் முன்பே பார்த்தாயிற்று. அந்த ரகம் சண்டைக்கென்றே வரும். சண்டை போட்டுவிட்டு வாங்கவும் செய்யும். அதனால் அவள் கவலைப்படவில்லை.

முதலில் அவள் அளந்தாள். லேசரின் ஃபைபர் முனையை மீட்டருக்கு நேரே நீட்டி, எவ்வளவு ஒளி வருகிறது என்று குறித்தாள். பிறகு அதே முனையைக் குளிர்ப்பெட்டியின் வாயில் செருகினாள். கண்ணாடியோடு கண்ணாடி முத்தமிட்டு நிற்கும் இணைப்பு அது. கவுண்டர் ஓடியது. கணக்குப் போட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

பிறகு அவர் அளந்தார். எண்பத்தெட்டு.

"மறுபடியும் பாக்கலாமா?" என்றாள் எர்சிலியா.

"பாக்கலாமே."

தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு.

"ரயில்ல வந்த களைப்பு, உங்க மீட்டருக்கு," என்றார் சன்னினோ.

வஸ்கோட்டோ சிரிக்கவில்லை. "லேசரை அணைங்க. குளிர்ப்பெட்டி வாயை மூடுங்க. இருட்டுல எத்தனை சொடுக்குதுன்னு நான் பாக்கணும்."

சந்தேகம் இன்னதென்று எர்சிலியாவுக்குப் புரிந்தது. ஒளியே வராதபோதும் கம்பி எப்போதாவது தூக்கத்தில் உளறும். அந்த உளறலைக் கூட்டிச் சேர்த்து நல்ல எண்ணாகக் காட்டுகிற கடைகள் உண்டு. உலோக மூடியை எடுத்து மாட்டினாள். நொடிக்கு நாற்பது.

"நாப்பது," என்று எழுதிக்கொண்டார் வஸ்கோட்டோ.

"தொண்ணூறாயிரம் சொடுக்குல நாப்பது, டாக்டரே," என்றாள் எர்சிலியா. "திருடறதுன்னா இதைவிடக் கொஞ்சம் மரியாதையாத் திருடுவோம்."

"திருடறீங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

"நினைச்சீங்க. நெத்தியில எழுதியிருக்கு."

அப்போது எரிமலைமேல் உட்கார்ந்த அந்த ஊரின் தரை ஒருமுறை தும்மியது. அலமாரியில் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. வஸ்கோட்டோ மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சன்னினோ தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இந்த நேரத்து அளவை விட்டுடணும்," என்றார் வஸ்கோட்டோ.

"இதையெல்லாம் விட்டா நாங்க வருஷத்துல பாதியை விடணும்," என்றார் சன்னினோ.

வஸ்கோட்டோவின் கண் இப்போது குளிர்ப்பெட்டியின் முகப்பில் இருந்தது. எட்டு வாய்கள், வாய்க்கு ஒரு டிடெக்டர். மூன்றாவதுதான் விற்பனைக்கு. ஏழாவதன் மேல் ஒரு சின்னத் துணிப்பொம்மை ஒட்டியிருந்தது, பழுப்பு அங்கி போட்ட குட்டைச் சாமியார்.

"ஏழாம் நம்பர் என்னது?"

"அது விக்கறதுக்கில்ல," என்றாள் எர்சிலியா. கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டாள்.

"எத்தனை பிடிக்குது?"

"தொண்ணூத்தொம்பது," என்றார் சன்னினோ. "ஆனா அது வீட்டுப் பிள்ளை."

வஸ்கோட்டோ குனிந்து ஏழாம் நம்பரின் கேபிள் எங்கே போகிறது, மூன்றாம் நம்பரின் கேபிளோடு எங்கேயாவது உறவாடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். எர்சிலியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் சன்னினோ சொன்னது பொய்.

ஏழாம் நம்பர் நூற்றுக்கு நூற்றொன்று காட்டும்.

மூன்று வருஷமாக அப்படித்தான். முதல் முறை பார்த்தபோது எர்சிலியா கணக்கை ஐந்து தடவை போட்டாள். ஆறாவது தடவை சன்னினோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. முனாச்செல்லோ வந்திருக்கார்," என்றார். இந்தப் பக்கத்து வீடுகளில் குடியிருக்கும் குட்டைச் சாமியார் அவர். மனசு வந்தால் அலமாரியில் காசு வைத்துவிட்டுப் போவார். வைத்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் வரவு நின்றுபோகும், வீட்டிலிருப்பதும் காணாமல் போகும். இருவரும் இயற்பியல் படித்தவர்கள்தாம். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பொம்மையை ஒட்டினார்கள், பதிவேட்டில் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார்கள், ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அது பழகிவிட்டது. பழகியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"மீட்டரை மாத்திக்கலாம்," என்றாள் எர்சிலியா பேச்சை மாற்றி. "உங்களது எனக்கு, எங்களது உங்களுக்கு."

"நானும் அதைத்தான் சொல்லவந்தேன்."

மாற்றிக்கொண்டார்கள். வஸ்கோட்டோ தன் மீட்டரைக் கொடுப்பதற்கு முன் அதன் வாயில் மாட்டியிருந்த ஒரு குட்டை வாலைக் கழற்றினார். ஒரு சாண் நீள ஃபைபர்த் துண்டு. அதை எர்சிலியாவின் மீட்டர் வாயில் மாட்டிக்கொண்டார். ஓட்டலுக்குச் சொந்தக் கரண்டி கொண்டுபோகிற ஆள் மாதிரி.

"அது எதுக்கு?" என்றாள் எர்சிலியா.

"தூசி போகாம இருக்க."

"எங்க மீட்டருக்குமா?"

"உங்க மீட்டருக்குத்தான் முக்கியமா."

அவர் மீட்டரை வைத்து அவள் அளந்தாள்: தொண்ணூற்றொன்று. அவள் மீட்டரை வைத்து அவர் அளந்தார்: எண்பத்தெட்டு. லேசர்களை மாற்றினார்கள். அதே தொண்ணூற்றொன்று, அதே எண்பத்தெட்டு. எண் கருவியோடு போகவில்லை. ஆளோடு போயிற்று.

 குளிர்ப்பெட்டியின் பம்பு டுக் டுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஒருவர் ஏமாற்றுக்காரர். அது சன்னினோ இல்லை. அவர் ஒன்றையும் தொடவே இல்லை.

"டாக்டரே," என்றார் சன்னினோ, கதவைத் திறந்து பிடித்தபடி. "வயித்துல ஒண்ணும் இல்லாம யாரும் யாரையும் நம்ப முடியாது. எதிர்ல நுன்ஸியா கடையில பொரிச்ச பீட்ஸா. நான் குடுக்கறேன்."

வஸ்கோட்டோ யோசித்தார். இரும்புப் பெட்டியைப் பார்த்தார், எர்சிலியாவைப் பார்த்தார். இரண்டு மீட்டர்களையும் எடுத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டார். அவள் மீட்டரையும்தான்.

"எங்களது எதுக்கு?" என்றாள்.

"ரெண்டும் என் கண்ணுல இருக்கட்டும்."

கதவு சாத்தியதும் எர்சிலியா நூறு வரை எண்ணினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சன்னினோ வஸ்கோட்டோவின் தோளில் கைபோட்டுக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனார். குட்டை வாலை வஸ்கோட்டோ பையில் போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தார். அதை அவள் கவனித்திருந்தாள். பெட்டி பூட்டியிருக்கவில்லை.

அடுத்தவர் பெட்டியைத் திறப்பது தப்புதான். ஆனால் அவள் மீட்டரை ஒருவர் பறித்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வாலுக்கு ஒரு மீட்டர் ஈடு என்று மனதுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு திறந்தாள்.

வால் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. ஒரு முனை எல்லா ஃபைபரையும் போலச் சாதாரணம். இன்னொரு ஃபைபரோடு கண்ணாடிக்குக் கண்ணாடி சேரும். மறுமுனை, மீட்டரைப் பார்க்கிற முனை, உருப்பெருக்கியில் வைத்ததும் ஊதாவாக மினுங்கியது. ஏதோ பூசியிருந்தது. எர்சிலியாவின் இதயம் சந்தோஷத்தில் ஒரு சொடுக்கு அதிகமாக அடித்தது.

அலமாரியில் பழைய மீட்டர் ஒன்று கிடந்தது. அதை எடுத்து லேசரை நேரே காட்டினாள். திரையில் வந்த அளவை நூறு என்று வைத்துக்கொண்டாள். பிறகு நடுவில் வாலை மாட்டினாள். நூற்று மூன்றரை.

"அடப் பாவி," என்றாள் சத்தமாக.

இதுதான் வித்தை. வாலை மாட்டினால் மீட்டர் அதிகம் காட்டும். அதிக ஒளி அனுப்பியதாகக் கணக்கு ஏறும். சொடுக்குகளோ அதே சொடுக்குகள். எண்பத்தெட்டு ஆகிவிடும், ஆறாயிரம் யூரோ இறங்கிவிடும். தூசியாம். அவள் ஒரு தாளை எடுத்தாள். அவர் வந்ததும் முகத்துக்கு நேரே படிப்பதற்காக, தெளிவான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள்: 'வாடிக்கையாளர் கொண்டுவந்த ஃபைபர்த் துண்டு ஒளியைக் கூட்டுகிறது.'

எழுதி முடித்தவள் கடைசிச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டுகிறது. ஒரு சாண் கண்ணாடி. பாட்டரி இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணாடி ஒளியைத் தின்னும், சிந்தும், திருப்பி அனுப்பும். எந்த ஊர்க் கண்ணாடியும் ஒளியைப் பெற்றுப் போட்டதில்லை. நடுவில் ஒரு துண்டைச் செருகினால் மீட்டர் குறைவாகத்தான் காட்ட வேண்டும். அதிகம் காட்டினால், துண்டு இல்லாதபோது அந்த மூன்றரை வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கடையின் வெயில் மறைப்புத் துணி தெரிந்தது. அதன் மேல், கண்ணாடியில், மங்கலாக அவள் முகமும் தெரிந்தது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கிற இடத்தில் ஒளி முழுதாகப் போவதில்லை. நூறில் மூன்றரை திரும்பிவிடும். பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. அவள் ஃபைபர் முனை காற்றைப் பார்த்து நின்றபோதெல்லாம் மூன்றரை பின்னால் திரும்பிப் போயிருக்கிறது. மீட்டர் மிச்சத்தை மட்டும் பார்த்திருக்கிறது. அதே முனையைக் குளிர்ப்பெட்டியில் செருகினால் கண்ணாடியோடு கண்ணாடி. நடுவில் காற்று இல்லை. முழுதும் உள்ளே போகும். தராசுத் தட்டில் குறைத்துக் காட்டிவிட்டு, பையில் முழுதாகப் போட்டிருக்கிறாள். அந்த ஊதாப் பூச்சு செய்வதெல்லாம் திரும்பிப் போகிறவற்றைப் போகவிடாமல் மீட்டருக்கு அனுப்புவதுதான்.

இதை நம்ப அவளுக்கு இஷ்டமில்லை. லேசரை ஏழாம் நம்பருக்கு மாற்றினாள். வழக்கப்படி அளந்தாள்: நூற்றொன்று. வாலைப் போட்டு அளந்தாள்: தொண்ணூற்றேழரை.

முனாச்செல்லோ எதுவும் வைக்கவில்லை. அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. நூறு போட்டு நூற்றொன்று எடுத்தபோது எந்தச் சிப்பிக்காரியும் சொல்லியிருப்பாள், தராசு தப்பு என்று. சாமியாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட இரண்டு பட்டதாரிகளுக்கு மூன்று வருஷம் அது தோன்றவில்லை.

மூன்று வருஷம். பதினோரு சீட்டு. பதினோரு கையெழுத்து.

வாலைக் கூட்டில் வைத்து, கூட்டைப் பெட்டியில் இருந்த மாதிரியே வைத்து, மூடினாள். எழுதிய தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நம்பர் எண்பத்தெட்டுதான். அதைவிட உறுத்தியது வேறொன்று. தொண்ணூற்றொன்று வந்ததால்தான் இரண்டு மைக்ரான் தள்ளுவது சரி என்று நம்பிக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டு என்றால் எங்கோ ஓரத்தில் இன்னும் சிந்துகிறது. அவள் விரல் அவளுக்கே பொய் சொல்லியிருக்கிறது.

கடையிலிருந்து இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வஸ்கோட்டோவின் சட்டையில் எண்ணெய்ப் பொட்டு.

"ஒரு 'கறுப்பு' குடுங்கன்னு கேட்டார் எர்சிலியா," என்றார் சன்னினோ. "அவங்க ஊர்ல காப்பிக்கு அதான் பேராம். நம்ம ஊர்ல கறுப்புன்னா ஒயின், நுன்ஸியா அதை எடுத்து ஊத்திட்டா. இவரும் குடிச்சிட்டார்."

"அவங்க மேல தப்பு இல்ல," என்றார் வஸ்கோட்டோ. மீட்டர்களை மேஜையில் வைத்தார். பெட்டியைத் திறந்து உள்ளே கண்ணால் ஒரு ரோந்து போனார். முகம் மாறவில்லை.

"பேசி முடிச்சாச்சு," என்றார் சன்னினோ. "டாக்டர் எண்பத்தெட்டுங்கறார், நாம தொண்ணூத்தொண்ணுங்கறோம். யார்கிட்ட தப்புன்னு அவருக்கும் தெரியல, நமக்கும் தெரியல. அவர் ரெண்டு ஏறினார், நான் ஒண்ணு இறங்கினேன். தொண்ணூறு. சீட்டை எழுது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ஆறுக்கு ஆர்டரும் இன்னிக்கே."

எர்சிலியா வஸ்கோட்டோவைப் பார்த்தாள். தன் எண்ணுக்குக் காரணம் சொல்லத் தெரியாதவரிடம் பேரம் பேசுவது சுலபம். சன்னினோ அதைப் பிசகில்லாமல் செய்திருந்தார். சீட்டில் தொண்ணூறு என்று எழுதினால் போதும். இந்த ஆள் ரயில் ஏறிவிடுவார்.

"டாக்டரே," என்றாள். "அந்த வால் முனையில ஊதாவா ஒரு பூச்சு இருக்கே, அது எதுக்கு?"

"அது கம்பெனிக்காரங்க அடையாளம். எங்க ஸ்டோர்ல குடுக்கற எல்லாத் துண்டுக்கும் அப்படித்தான்..." பாதியில் நின்றார். "முனையை நீங்க எப்போ பாத்தீங்க?"

"நீங்க ஒயின் குடிச்சப்ப."

சன்னினோ கண்ணை மூடிக்கொண்டார்.

"என் பெட்டியத் திறந்தீங்க."

"திறந்தேன். நீங்க திருடன்னு நிரூபிக்கத்தான் திறந்தேன். நிரூபணம் வேற மாதிரி வந்துடுச்சு."

அவள் சொன்னாள். காற்று, கண்ணாடி, மூன்றரை எல்லாவற்றையும் சொல்லி, பழைய மீட்டரில் செய்தும் காட்டினாள். தராசில் தப்பு தன்னுடையது, சரக்கு எண்பத்தெட்டு என்று முடித்தாள். வஸ்கோட்டோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தால் அவள் ஏமாந்திருப்பாள். வந்தது புதிய சந்தேகம்.

"எனக்கே தெரியாது இது," என்றார் மெதுவாக. "நான் தொண்ணூறுக்கு ஒத்துக்கிட்டாச்சு. இப்போ எதுக்கு இதைச் சொல்றீங்க? இதுல உங்க கணக்கு என்ன?"

"கணக்கு எண்பத்தெட்டு. அவ்வளவுதான்."

"இல்ல. மூணைக் குடுத்து வேற எதையோ மறைக்கறீங்க. ஏழாம் நம்பரைப் பத்திக் கேட்டப்பவே உங்க குரல் மாறிச்சு."

"மாறிச்சு. அது நூத்தொண்ணு காட்டும். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு." பொம்மையைப் பிய்த்து மேஜையில் வைத்தாள். "இவர் வெச்ச காசுன்னு நினைச்சோம்."

வஸ்கோட்டோ பொம்மையைக் கையில் எடுத்து, தைத்த வயிற்றை அழுத்திப் பார்த்தார். உள்ளே பஞ்சுதான்.

"எர்சி, ஒரு நிமிஷம் இங்க வா," என்றார் சன்னினோ. பம்பின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனார். டுக் டுக் சத்தத்தில் வெளியே கேட்காது.

"உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? நாப்பது நிமிஷம் பேசினேன். என் வாழ்க்கையிலயே நல்ல நாப்பது நிமிஷம்."

"அத்தான், அந்த ஊர் ஸ்டோர்ல எல்லா வாலும் ஊதா. இன்னிக்கு இவருக்குத் தெரியல. அடுத்த மாசம் வேற ஒருத்தன் உருப்பெருக்கில பாப்பான். அப்போ சீட்டுல என் கையெழுத்து இருக்கும், உங்களது இருக்காது."

"பதினோரு பேர் வாங்கியிருக்காங்க. ஒருத்தராவது வாயத் திறந்தாங்களா?"

"அவங்க மீட்டருக்கும் வால் இருந்திருக்காது."

சன்னினோ அதை யோசித்தார். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. "அப்போ ஊர் பூரா இதே தப்புதானே? நாம மட்டும் ஏன் ஒத்துக்கணும்?"

"நாம மட்டும்தானே அத்தான் நூத்தொண்ணு பாத்தோம்."

இருவரும் திரும்பி வந்தபோது வஸ்கோட்டோ பெட்டியிலிருந்த ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, பட்டியலோடு சரிபார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இருந்தன. அது அவரை இன்னும் கலக்கியது போலிருந்தது.

"நான் ஆரம்பத்துலேர்ந்து மறுபடி அளக்கறேன்," என்றார். "உங்க ஃபைபர், என் வால், மூணு மீட்டரும். நீங்க ரெண்டு பேரும் அந்தச் சுவரோரம் நில்லுங்க."

நின்றார்கள். அவர் அளந்தார். ஒன்பது முறை. எண்பத்தெட்டைச் சுற்றித்தான் வந்தது; ஒரு முறைகூடத் தொண்ணூறைத் தொடவில்லை, ஒரு முறைகூட எண்பத்தேழுக்கு இறங்கவில்லை. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எண்பத்தெட்டுக்கு வாங்கிக்கறேன். ஆறாயிரம் கழிச்சு," என்றார். "ஆறுக்கான ஆர்டரைப் பத்தி ஊருக்குப் போய்ச் சொல்றேன். எங்க இயக்குநர் கேப்பார், தானா வந்து குறைச்சுச் சொன்னவங்களை ஏன் நம்பணும்னு. நான் என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல."

"வண்டியில யோசிங்க," என்றார் சன்னினோ. "நிறைய நேரம் இருக்கு, ட்ரியெஸ்தே தூரம்."

"சீட்டுல வெறும் எண்பத்தெட்டுன்னு எழுதினா போதாது. மிச்சம் பன்னெண்டு எங்க போச்சுன்னு வேணும். இனிமே எல்லாச் சீட்டுலயும்."

"இனிமேன்னா ஆர்டர் உண்டுன்னு அர்த்தமா, டாக்டரே?"

"எழுதுங்க."

எர்சிலியா உட்கார்ந்தாள். முன்பு வாங்கிய பதினோரு பேரின் விலாசங்களும் மனதில் ஓடின. தப்பை ஒப்புக்கொள்ளும் முதல் கடிதம் யாருக்கு என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் முதலில் இது. பேனாவை எடுத்து, ஒவ்வொன்றையும் வஸ்கோட்டோ கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லி எழுதினாள்.

அனுப்பியது நூறு.

வழியில், இணைப்புகளில் போனது இரண்டு.

புள்ளியின் ஓரத்தில் சிந்தியது மூன்று. இது என் விரல்.

கம்பிமேல் விழுந்தும் கம்பி கண்டுகொள்ளாதது நான்கு.

சொடுக்கியது எண்பத்தெட்டு.

கூட்டினால் தொண்ணூற்றேழு. மீதி மூன்று எங்கே என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டாள். வஸ்கோட்டோ கூட்டலைச் சரிபார்த்துவிட்டுப் போட்டார். அவர் போன பிறகு, பட்டறையில் தங்கும் நகலின் கீழே மட்டும் இன்னொரு வரி சேர்த்தாள்.

முன்பு விற்றவை பதினொன்று. தலைக்குக் கூடுதலாகக் காட்டியது மூன்று. சில்லறையை விட்டால் பாக்கி முப்பத்து மூன்று.